பீரங்கிக்கு ஸாஃப்ட் குளோஸ்

திண்டிவனத்தில் பைபாஸை ஒட்டிய ஒரு மாடுலர் கிச்சன் ஷோரூமில் அப்போது எனக்கு வேலை. வருகிறவர்களுக்குச் சிரித்த முகமாக மாதிரிச் சமையலறைகளைக் காட்ட வேண்டும். டிராயரை இழுத்து லேசாகத் தள்ளிவிட வேண்டும். அது கடைசி நாலு விரற்கடையில் தானே வேகம் குறைந்து, சத்தம் போடாமல் மூடிக்கொள்ளும்போது, "பாத்தீங்களா, ஸாஃப்ட் குளோஸ்" என்று சொல்ல வேண்டும். சிரித்த முகம் எனக்குப் பிறவியிலேயே வராத சமாச்சாரம். என் கோபம் எங்கள் தெருவில் பிரசித்தம், பால்காரர்கூட என் குரல் கேட்டால் சைக்கிளை மிதித்துவிடுவார். ஆனாலும் டிராயர் மூடுகிறவரைக்கும் மனுஷர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள் பாருங்கள், அதில் எனக்கு ஒரு குஷி. அதனால்தான் அந்த வேலையில் தாக்குப்பிடித்தேன்.

ஒரு மத்தியானம் ஓர் ஆள் உள்ளே வந்தார். தோளில் ஸ்பேனர் பை, சட்டைக் கையில் கிரீஸ். உட்காரச் சொன்னேன், காதில் விழவில்லை. நேராக மாதிரிச் சமையலறைக்குள் போனார், ஒரு டிராயரை முழுசாக இழுத்தார், உள்ளங்கையால் ஓங்கித் தள்ளினார். அது பாட்டுக்கு மெதுவாக மூடியது. அடுத்ததைத் தள்ளினார். அதற்கடுத்ததையும் தள்ளினார். கடைசி டிராயர் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து, அது மூடுவதை செல்போனில் ஸ்லோ மோஷனில் வீடியோ எடுக்க ஆரம்பித்தார். எனக்கு வந்ததே பாருங்கள் ஆத்திரம்!

"சார், உங்க கிச்சன் எவ்ளோ நீளம், எவ்ளோ அகலம்?"

"கிச்சன் இல்லீங்க," என்றார், நிமிராமலே. "பீரங்கிக்கு."

"எதுக்கு?"

"பீரங்கிக்குங்க. மிலிட்டரி டேங்குல நீட்டிக்கினு இருக்கும் இல்ல, அதுக்கு. டிராயர் வேணாம். உள்ள டேம்பர்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அத மட்டும் தனியா குடுப்பீங்களா?"

"காலைல இருந்து ஒருத்தர் வந்து எட்டிப் பாக்கல, நானே பேஜார்ல இருக்கறேன். நீங்க வேற வந்து நக்கல் பண்ணிக்கினு இருக்கீங்க. எழுந்திரிங்க மொதல்ல!"

அவர் எழுந்தார். பயந்துதான் எழுந்தார் என்று பிற்பாடு ஒப்புக்கொண்டார். ஆனால் போகவில்லை. செல்போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். அதில் ஒரு வீட்டுக் கூடம். கூடத்தில் கட்டிலில் பாதி அளவுக்கு ஒரு பச்சை டாங்கி. அச்சு அசல். நிஜத்தில் ஆறில் ஒரு பங்காம். அலுமினியத் தகடும் பிளைவுட்டும் பி.வி.சி. பைப்பும் வைத்து அவரே செய்ததாம். லாரிகளை ஏற்றி எடை போடுகிற எடைமேடைகளைப் பழுது பார்ப்பது அவர் தொழில். ஊர் விழுப்புரம். ரைஸ் மில், சர்க்கரை ஆலை என்று மாவட்டம் முழுக்கச் சுற்றிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து டாங்கி செய்கிறார். அதுவும் ஒரு மனுஷனுக்குப் பொழுதுபோக்கா என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே போனை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

வீடியோவில் டாங்கி சுட்டது. ஸ்பீக்கரில் 'டொம்' என்று சத்தம் வந்தது. குழல் ஆடி அசைந்து மெள்ளப் பின்னால் போனது. போய், சட்டென்று ஒரு துள்ளலில் முன்னால் வந்து நின்றது.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "இது சுடலீங்க. ஜன்னல்ல எட்டிப் பாக்குது."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "அதாங்க என் பிரச்சினையே," என்றார்.

நிஜ டாங்கி சுடுவதையும் காட்டினார். குண்டு பறந்த மாத்திரத்தில் குழல் கண் மூடித் திறப்பதற்குள் பின்னால் உதைத்துக்கொண்டு போகிறது. அப்புறம், தனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாதமாதிரி, நிதானமாக முன்னால் வருகிறது. அந்தப் பின்னுதை வந்தால்தான் அது பீரங்கி, இல்லாவிட்டால் வெறும் பைப்பு என்று அவர் சொன்னார். குழலைப் பின்னால் இழுக்கப் பழைய காரின் கதவுப் பூட்டு மோட்டார் போட்டிருக்கிறார், பட்டனைத் தட்டினால் நாலு கதவும் 'டக்'கென்று பூட்டுமே, அந்த மோட்டார். திரும்ப முன்னால் தள்ள ஒரு ஸ்பிரிங். வேகத்தைக் குறைக்க ஆன்லைனில் வாங்கிய டிராயர் டேம்பர். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் வேகமாகப் போக வேண்டியது மெதுவாகப் போகிறது, மெதுவாக வர வேண்டியது வேகமாக வருகிறது.

நான் மேஜை டிராயரிலிருந்து ஒரு டேம்பரை எடுத்தேன். பேனா மூடி அளவுதான் இருக்கும். தண்டை உள்ளே அழுத்திக் காட்டினேன், அடம் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போனது. வெளியே இழுத்துக் காட்டினேன், சும்மா வந்தது.

"இதுக்கு ஒரு பக்கம்தான் பிகு. இன்னொரு பக்கம் பச்சப் புள்ள. நீங்க தலகீழா மாட்டிக்கினு இருக்கீங்க. திருப்பிப் போடுங்க."

அவர் டேம்பரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது, மறைப்பானேன்.

அதற்குப்பின் போன்தான். காதலிக்கிறவர்கள் 'சாப்பிட்டாயா, தூங்கினாயா' என்று பேசுவார்களாமே, நாங்கள் ஸ்பிரிங் பற்றிப் பேசினோம். ஸ்பிரிங் முரடாக இருந்தால் டேம்பர் தாங்காது, சவலையாக இருந்தால் குழல் பாதி வழியில் படுத்துக்கொள்ளும். எந்த ஸ்பிரிங் என்று முடிவாவதற்குள் எனக்கு ராத்திரிச் சோறு ஆறிப்போகும். அம்மா கதவுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு, "இன்னாடி இது, கஸ்டமர்கிட்ட இவ்ளோ நேரமா பேசுவாங்க?" என்பாள். "பெரிய ஆர்டர்மா" என்பேன்.

ஒருநாள் அவர் குழலையும் அது ஓடுகிற பெட்டியையும் மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு பஸ்ஸிலேயே வந்துவிட்டார். ஜவுளிக்கடைப் பை ஒன்று, அதில் குழல் பாதிக்குமேல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. விழுப்புரத்தில் ஏறியதிலிருந்து பக்கத்து சீட்டில் ஒருத்தரும் உட்காரவில்லையாம், கூட்டமான பஸ்ஸில் கால் நீட்டிக்கொண்டு வந்தேன் என்று பெருமை வேறு! முதலாளி சாப்பிடப் போன நேரம். மாதிரிச் சமையலறை மேடையில் நியூஸ்பேப்பரை விரித்து, குழல் பெட்டியை வைத்தோம். அவர் திருப்பிப் போட்ட டேம்பர் கோணலாக உட்கார்ந்திருந்தது. "தள்ளுங்க" என்று அவரை நகர்த்திவிட்டு, பழைய டிராயர் சட்டத்தில் ஒரு துண்டை வெட்டி, அரத்தால் ராவி, டேம்பருக்குத் தொட்டில் மாதிரி ஒன்று செய்து, நானே என் கையால் ஸ்க்ரூ முடுக்கினேன். பேட்டரி ஒயரைத் தொட வைத்தார்.

'டக்'. குழல் பின்னால் பாய்ந்தது. பாய்ந்த வேகத்தில் மேடை அதிர்ந்தது. அப்புறம் நிதானமாக, ராஜா மாதிரி, முன்னால் வந்தது.

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு 'ஏய்ய்!' என்று கத்தினோம். நான் குதித்தேன். அவரும் குதித்தார். மறுபடி சுட்டோம், மறுபடி குதித்தோம். முதலாளி ஏப்பம் விட்டபடி உள்ளே வந்து, "இன்னா சத்தம்?" என்றார். "பெரிய பார்ட்டி சார், டிராயர் டெஸ்ட் பண்றாங்க" என்றேன். பார்ட்டியின் நெற்றியில் கிரீஸ். "நல்லா தள்ளிப் பாக்கச் சொல்லு" என்றுவிட்டுப் போனார் அந்த நல்ல மனிதர்.

கிளம்பும்போது அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, "வீட்டுக்கு வந்து கேக்கட்டுங்களா?" என்றார். என்ன கேட்கப்போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. "ஜல்தி வாங்க" என்றேன். வெட்கமாவது ஒன்றாவது.

பெண் பார்க்க அவரும் அவர் அம்மாவும் முறையாக வந்தார்கள். இரண்டு வீடும் ஒரே சனமாகப் போனது எங்கள் அதிர்ஷ்டம், அதில் எங்கள் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. ஜாதகமும் பொருந்தியது. எல்லாம் கூடி வந்த நேரத்தில், தூரத்துச் சொந்தம் ஒருத்தர் வாய் சும்மா இருக்காமல், "பையன் தங்கம். என்ன, பொம்மை டேங்கு வச்சி வெளையாடுவான், அவ்ளோதான்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார்.

என் அப்பா மல்லாட்டையும், அதாங்க வேர்க்கடலை, கொஞ்சம் நெல்லும் போடுகிறவர். தினசரிக் காலண்டரைப் பார்க்காமல் மோட்டார் ஸ்விட்ச்கூடப் போடமாட்டார். ராகு காலத்தில் தும்மல் வந்தால்கூட அடக்குவார் என்று மாமா கேலி செய்வார். வேலை, வேலை, வேலைக்கு நடுவே சாப்பாடு, இதுதான் அவர். அவர் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

"முப்பது வயசுல பொம்மையா?" என்று அம்மாவிடம் எகிறினார். "நாளைக்கி ஒரு புள்ள பொறந்தா, அப்பனும் புள்ளையும் சேந்து வெளையாடிக்கினு இருப்பானுங்க. சோறு எவன் போடுவான்?"

"அவர் சம்பாரிக்கறாருப்பா" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதில் என் கையும் இருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். ஊரையே அதட்டுகிற எனக்கு அப்பா முன்னால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அம்மா அழுது அடம்பிடித்து, மாப்பிள்ளை வீடு பார்க்கும் சடங்குக்கு மட்டும் அவரைச் சம்மதிக்க வைத்தாள். "பாத்துட்டு வருவோம், அவ்ளோதான்" என்றார் அப்பா. அந்த 'அவ்ளோதான்' எனக்குப் புரிந்தது. எங்கள் பக்கத்தில் யாரும் முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். "கலந்து பேசிட்டு சொல்லி அனுப்பறோம்" என்பார்கள். ஏற்கெனவே இரண்டு வரன்களை அப்பா அந்த ஒரு வாக்கியத்தில் முடித்திருக்கிறார். அவர் வாயிலிருந்து அது வந்துவிட்டால் முடிந்தது, அப்புறம் ஆண்டவனே வந்தாலும் பேச்சில்லை. எனக்கோ அந்த மனுஷன் இல்லாவிட்டால் வேறு யாரும் வேண்டாம் என்று ஆகிவிட்டிருந்தது.

"நானும் வருவேன்" என்றேன்.

"பொண்ணு போய் மாப்ள வீட்ட பாக்கற வழக்கம் எங்கனா உண்டாடி?" என்றாள் அம்மா.

"குடியிருக்கப் போறது நானா நீயா?" என்று ஒரு சத்தம் போட்டேன். கூட்டிக்கொண்டு போனார்கள். என்னால் ஆள் கணக்கு இரட்டைப்படை ஆகிவிட்டது. ஒற்றைப்படையில்தான் போக வேண்டும் என்று எதிர்வீட்டு அக்காவையும் காரில் அடைத்தார்கள். அந்த அக்கா விழுப்புரம் வரைக்கும் என் மடியில்தான்.

ஞாயிற்றுக்கிழமை. பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் தொடங்குகிறது, அதற்குள் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட வேண்டும் என்று அப்பா கார் ஏறும்போதே சொல்லிவிட்டார்.

மாப்பிள்ளை வீடு ரயில்வே லைனுக்குப் பின்னால். உள்ளே காலெடுத்து வைத்தவுடன் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூடத்தின் நட்டநடுவே டாங்கி. எங்கேயாவது ஒளித்து வைக்கச் சொல்லி அவரிடம் கெஞ்சியிருந்தேன். அவர் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி, கண்ணால் அவர் அம்மாவைக் காட்டினார். அந்த அம்மா அதற்கு ஆயுத பூஜைக்கு வண்டிக்குச் செய்வதுபோல சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, குழலின் அடியில் மல்லியும் கனகாம்பரமும் கலந்த சரத்தை நாலு சுற்றுச் சுற்றிவிட்டிருந்தார்.

"ஒளிச்சி வக்க அது இன்னா திருட்டுப் பொருளா?" என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. "நல்ல காரியத்துக்கு சனம் வருது. அத மட்டும் மொட்டையா நிக்க வக்கலாமா?"

அப்பா டாங்கியை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் அந்தப் பக்கமே திரும்பவில்லை. வீடு சொந்தமா என்று கேட்டார். தண்ணீர் எப்படி வருகிறது என்று கேட்டார். எடைமேடை வேலை நிரந்தரமா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் அவர் எழுந்து நின்று பதில் சொன்னார், ஸ்கூல் பையன் மாதிரி. கொஞ்ச நேரத்தில் கேள்வி தீர்ந்துவிட்டது. அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பன்னிரண்டுக்குக் கொஞ்சம்தான் இருந்தது. துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்ப சரிங்க, நாங்க..." என்று ஆரம்பித்தார்.

"அப்பா!" என்றேன். கூடமே திரும்பியது. "ஒரே ஒரு வாட்டி அத சுட்டுக் காட்டச் சொல்லுப்பா. அப்பறம் கெளம்பலாம்."

அம்மா என் தொடையில் கிள்ளினாள். ஆனால் மாமா, என் அம்மாவின் தம்பி, நல்லவேளையாகப் பிழைக்கத் தெரியாதவர். "ஆமா மாமா, வந்ததுதான் வந்தோம், பாத்துட்டே போலாம்" என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மாப்பிள்ளை ரிமோட்டை எடுத்தார். அமுக்கினார்.

'டொம்!' குழல் பின்னால் உதைத்தது. டாங்கி முழுக்கப் பின்பக்கம் அமுங்கி எழுந்தது. எதிர்வீட்டு அக்கா 'ஐயோ' என்று என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் குழல் திரும்பி வருவதற்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

சரம் போய்விட்டது. குழல் பாய்ந்தபோது அதன்மேல் சுற்றியிருந்த பூவையும் சேர்த்து டாங்கியின் தலைக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டது. வெளியே ஒரு கனகாம்பரம் மட்டும் எட்டிப் பார்த்தது. குழல் பின்னாலேயே சிக்கிக்கொண்டு நின்றது.

அவர் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். என் அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. மங்கல காரியத்துக்கு வந்த இடத்தில், பெண் கண்ணெதிரில், கட்டின பூ அறுந்தால் அது எங்கள் சனத்தில் சின்ன விஷயமில்லை. இந்த இடம் போய்விடும் என்பது மட்டுமில்லை, அடுத்து எந்த இடம் வந்தாலும் அந்தப் பேச்சு எனக்கு முன்னால் போய் அங்கே உட்கார்ந்திருக்கும். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. நம்பிக்கை உள்ளவர் என் அப்பா.

மாப்பிள்ளை பதறிப்போய் இரண்டு விரலால் அந்தக் கனகாம்பரத்தைப் பிடித்து இழுக்கப் போனார்.

"டேய், இழுக்காதடா!"

அப்பாவின் குரல். துண்டு ஒரு பக்கம் விழ, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தரையில் மண்டி போட்டுவிட்டார். "எவனும் கைய வக்காதீங்க. என் பொண்ணு காலெடுத்து வச்ச வீட்ல பூ அறுந்துச்சின்னு ஒரு பேச்சு வரக் கூடாது. லைட்டு எங்க, லைட்டு?"

மாமா செல்போன் டார்ச்சைப் பிடித்தார். அப்பா கன்னத்தைத் தரையில் வைத்து இடுக்குக்குள் பார்த்தார். "அறுபடல. சுருண்டுகினு கெடக்குது. அந்தத் தகடு முனைல நார் மாட்டிக்கினு இருக்கு" என்றார். குழல் திடீரென்று முன்னால் பாய்ந்து நாரைக் கத்தரித்துவிடக் கூடாதென்று, இரண்டு கையாலும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார், முரட்டு மாட்டின் கொம்பைப் பிடிப்பதுபோல.

மாப்பிள்ளை டாங்கியின் மேல்மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டார். இரண்டு பேர் தலையும் முட்டிக்கொண்டது. "கொஞ்சம் இப்டி." "இருங்க, இருங்க." "அந்தச் சின்னக் கொறட எடு." "தோ." யார் பெண் வீடு, யார் மாப்பிள்ளை வீடு என்பதெல்லாம் போய்விட்டது. கடைசியில் மாப்பிள்ளை குறடு நுனியால் நாரைத் தகட்டிலிருந்து விடுவித்துவிட்டார்.

"எடுத்துட்டேன். இப்ப விடுங்க மாமா. குழல் முன்னால வந்தா பூவும் கூடவே வந்துடும்."

அவர் வாயில் 'மாமா' வந்துவிட்டது. என்னைத் தவிர ஒருத்தரும் கவனிக்கவில்லை. அப்பா விடவில்லை.

"விட்டா பாயும்டா. ஸ்பிரிங் வேகம் கைல முட்டுது எனக்கு. பாஞ்சா பூவு துண்டு துண்டாப் பூடும்."

"பாயாதுங்க."

"உனக்குத் தெரியாது, சும்மா இரு."

மாப்பிள்ளை குறடைக் கீழே வைத்துவிட்டார். அப்பாவின் நெற்றியிலிருந்து வேர்வை டாங்கிமேல் சொட்டியது. கை நரம்பு புடைத்துவிட்டது. இப்படியே எவ்வளவு நேரம் பிடிக்க முடியும்? நான் அப்பா பக்கத்தில் போய், பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்தேன்.

"அப்பா, விட்டுடுப்பா. மெதுவாத்தான் வரும்."

"உனக்கு எப்டித் தெரியும்?"

"நான் போட்டதுப்பா அது."

அப்பா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"எங்க ஷோரூம் டிராயர்ல இருக்கற டேம்பர். இவர் தலகீழா மாட்டியிருந்தாரு. நான்தான் திருப்பி, அதுக்கு ஒரு சட்டம் வெட்டி, என் கையால முடுக்குனேன். எத்தினியோ வாட்டி சுட்டுப் பாத்துட்டோம். பாயாதுப்பா. என்ன நம்பு."

"நீயா?"

"நான்தான்."

வெளியே ஒரு ரயில் போனது. போய் முடிகிறவரைக்கும் அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஒவ்வொரு விரலாக எடுத்தார். கடைசி விரலையும் எடுத்துவிட்டு, கையைக் காற்றிலேயே வைத்துக்கொண்டிருந்தார், எந்நேரமும் பிடிக்கத் தயாராக.

குழல் முன்னால் வந்தது. அவசரமே இல்லாமல் வந்தது. அதனோடு சரமும் வந்தது, ஒரு சுற்று, அப்புறம் இன்னொரு சுற்று. மல்லி கொஞ்சம் நசுங்கியிருந்தது. கனகாம்பரத்தில் கிரீஸ். நார் எங்கேயும் அறுபடவில்லை.

"அங்காளம்மா தாயே!" என்று அவர் அம்மா கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்தார்கள். எதிர்வீட்டு அக்கா கைதட்டினாள். அப்பா சரத்தை முடிச்சு கலையாமல் உருவி, அந்த அம்மா நீட்டிய தட்டில் வைத்துவிட்டு, அப்படியே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

மாமா மெதுவாக, "மாமா, மணி பன்னண்டு தாண்டிடுச்சி" என்றார்.

எமகண்டம்! இனி ஒன்றரை மணி வரைக்கும் வீட்டைவிட்டுக் கிளம்பக் கூடாது. நல்ல வார்த்தையோ கெட்ட வார்த்தையோ கல்யாண விஷயமாக ஒரு சொல் பேசக் கூடாது. என் அப்பா, வாழ்நாளில் முதல்தடவையாக, நேரம் பார்க்க மறந்துவிட்டார். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், டாங்கியைப் பார்த்தார்.

"அப்ப இன்னா பண்றது," என்றார். "இன்னொரு வாட்டி சுடு."

சுட்டார். குழல் உதைத்தது, நிதானமாகத் திரும்பியது. அப்பா, "அட!" என்றார். "எங்க, அத இப்டி குடு" என்று ரிமோட்டை வாங்கிக்கொண்டார். முதலில் தப்புப் பட்டனை அமுக்கி டாங்கியைச் சுவரில் முட்டவிட்டார். அப்புறம் பழகிவிட்டது. டாங்கியின் தலையைத் திருப்பி மாமாவுக்குக் குறி வைத்தார். மாமா நாற்காலியோடு கையைத் தூக்கிக்கொண்டு, "நான் சரண்டர்" என்றார். 'டொம்!' மாமா செத்தமாதிரி சரிந்தார். அப்பா சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, கடைவாய்ப் பல் தெரியச் சிரித்தார். அம்மா யாரையோ பார்ப்பதுபோல அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு உள்ளங்கால் தரையில் நிற்கவில்லை.

நடுவில் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்றார்.

"நீ கேக்கலையேப்பா. பயமாவும் இருந்துச்சி."

"உனக்கா? என்னக் கண்டா?" என்றார். அந்தக் கேள்வியில் அத்தனை வருத்தம் இருந்தது. நான் அவர் தோளில் சாய்ந்துகொண்டேன். அவர் மறுபடி ஒரு தடவை சுட்டார்.

உள்ளேயிருந்து சாம்பார் வாசனை வந்தது. ஒத்துக்கொள்ளாத இடத்தில் பெண் வீட்டார் ஒருவாய் சோறு தின்னமாட்டார்கள். அது தெரிந்தும், நம்பிக்கையில் அந்த அம்மா எல்லோருக்கும் சேர்த்து வடை பாயசத்தோடு சமைத்து வைத்திருந்தார். கேட்கவும் முடியாமல் போகவும் முடியாமல் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். அவர், என் எடைமேடைக்காரர், பேட்டரி சார்ஜ் பார்க்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டே இருந்தார்.

"மணி ஒன்ற ஆயிடுச்சி," என்றாள் அம்மா. "கெளம்பலாமா?"

அப்பா எழுந்தார். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். ரிமோட்டை அவர் கையில் கொடுத்தார். கொடுத்த கையை எடுக்கவில்லை.

"எலைய போடச் சொல்லுங்க," என்றார். "எம்பொண்ணு பசி தாங்க மாட்டா. கோவம் வரும். வந்துச்சின்னா எதிர்ல நின்னு பேசாதீங்க, செத்த நேரம் விட்டுட்டா அதுவே அடங்கிடும். பெத்தவன் இப்பவே சொல்லிட்டேன்."

அவர் "சரிங்க மாமா" என்றார். நான் அத்தனை பேர் முன்னாலும், பட்டுப்புடவை முந்தானையில் மூக்கைச் சிந்தி, ஓவென்று அழுதேன்.